வேளாங்கண்ணி நடையா, சாந்திவனமா?

வெட்டவெளியில் ஜெபிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு நான் இரண்டு வழிகளைச் சொல்வேன்.

மாதா திருவிழாவின் ஆகஸ்ட் 29 கொடியேற்றத்தையொட்டி, காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடப்பது ஒன்று. அதில் உடம்புதான் முதலில் ஜெபிக்கிறது. காலில் கொப்புளம், தார்ச்சாலைச் சூடு, வழியில் முகம் தெரியாத ஒருவர் நீட்டும் மோர். ஜெபமாலை சொல்லிச் சொல்லி, மூன்றாம் நாள் 'அருள் நிறைந்த மரியே' மூச்சோடு ஒட்டிக்கொள்ளும். தனிமை கிடைக்காது, என்னைப் பொறுத்தவரை அதுதான் அதன் அருளே.

குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக் கரையில் 1950-இல் தொடங்கிய சாந்திவனம் என்ற கிறிஸ்தவ ஆசிரமம் இன்னொன்று. அங்கே உட்கார்ந்தால் போதும். விடியலிலும் அந்தியிலும் மௌன தியானம். முதல் நாள் மௌனம் கனக்கும், அப்புறம் பறவைச் சத்தமே ஜெபமாகிவிடும்.

துக்கத்தில் இருப்பவரை நடக்கச் சொல்வேன். ஓடிக் களைத்தவருக்கு ஆற்றங்கரை.