அக்ரீயபிள் கிரே, ரிப்போஸ் கிரே: எந்தச் சுவருக்கு எது?

ஷெர்வின்-வில்லியம்ஸ் பெயிண்ட் நிறுவனத்தின் இந்த இரண்டு நிறங்களையும் ஷேட் கார்டில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் பாதிப் பேர் ஒரே நிறம் என்றுதான் சொல்வார்கள். வெளிச்சத்தை எவ்வளவு திருப்பித் தருகிறது என்று காட்டும் எல்ஆர்வி அளவிலும் பெரிய இடைவெளி இல்லை: அக்ரீயபிள் கிரே 60, ரிப்போஸ் கிரே 58. இந்த இரண்டு புள்ளியை வைத்து முடிவெடுக்க வேண்டாம். கண்ணுக்கே தெரியாது.

வித்தியாசம் உள்ளே ஓடும் சாயலில் இருக்கிறது. கணினித் திரைக்கான எண்களைப் பாருங்கள். அக்ரீயபிள் கிரேயில் சிவப்பு 209, பச்சை 203, நீலம் 193. ரிப்போஸில் 204, 201, 192. பச்சையும் நீலமும் கிட்டத்தட்ட அப்படியே இருக்க, சிவப்பு மட்டும் ஐந்து குறைகிறது. அந்தச் சின்னக் குறைவுதான் முன்னதைப் பழுப்புப் பக்கமும் பின்னதைச் சாம்பல் பக்கமும் தள்ளுகிறது.

நேரடி வெயில் எட்டாத அறையில் இது நன்றாகவே தெரியும். அங்கே வரும் வெளிச்சத்தில் நீலம் தூக்கல். ரிப்போஸ் அதை அப்படியே வாங்கிக்கொண்டு நீலமாக, சில நேரம் லேசான ஊதாவாகவே தெரியும். அறை விறைத்துப் போன மாதிரி இருக்கும். அக்ரீயபிள் கிரேயும் அங்கே கொஞ்சம் வெளுக்கும், ஆனாலும் இதம் போகாது. நல்ல வெயில் விழும் அறையில் கதை தலைகீழ். மாலை வெயிலில் அக்ரீயபிள் கிரே கிட்டத்தட்ட பழுப்பாகிவிடும், ரிப்போஸ்தான் சாம்பலாக நிற்கும்.

அப்புறம் தரை. தேன் நிற மரம், மஞ்சளோடிய டைல்ஸ் என்றால் அக்ரீயபிள் கிரேதான். வெள்ளை மார்பிள், சாம்பல் டைல்ஸ் என்றால் ரிப்போஸ். பல்பையும் மறக்காதீர்கள்: மஞ்சள் வெளிச்சம் தரும் 2700 கெல்வின் பல்ப் இரண்டையுமே மஞ்சளாக்கும், அதைவிட வெள்ளையான 4000 கெல்வின் பல்ப் ரிப்போஸை இன்னும் குளிராக்கும்.

என்னைக் கேட்டால், ஹால், நடை, படுக்கையறை என்று வீடு முழுக்க ஒரே நிறம் அடிப்பவர்களுக்கு அக்ரீயபிள் கிரேயையே சொல்வேன். எல்லா அறைக்கும் ஒரே வெளிச்சம் வராது. ரிப்போஸ் ஒரு அறையில் அழகாகவும் அடுத்ததில் சோகையாகவும் தெரியக்கூடும். ஒரே ஒரு வெளிச்சமான அறைக்கு மட்டும் என்றால் ரிப்போஸ்தான் எனக்குப் பிடிக்கும்.

எதுவானாலும் பெரிய அட்டையில் இரண்டு கோட் அடித்து, ஜன்னலுக்கு எதிர்ச்சுவரிலும் ஜன்னல் உள்ள சுவரிலும் மாற்றி மாற்றி வைத்து, காலையிலும் விளக்கு போட்ட பிறகும் பாருங்கள். பழைய சுவரிலேயே நேராக அடித்துப் பார்த்தால் சுற்றியிருக்கும் நிறம் கண்ணை ஏமாற்றும்.