எலியட்ஸ் கடற்கரை அலைக்கு இந்தக் கேமரா உறை போதுமா?

மிரர்லெஸ் கேமராவுக்கான பிளாஸ்டிக் நீர்க்காப்புப் பை இது. சென்னை எலியட்ஸ் கடற்கரையில் முழங்கால் ஆழத்தில் ஆட்களைப் படமெடுக்கத் தாராளமாகப் போதும். அதற்கு மேல் இறங்கவே வேண்டாம், அடி இழுப்பு பொல்லாதது.

கேமராவைப் போடுமுன் டிஷ்யூ தாளை மட்டும் உள்ளே வைத்து மூடி, வாளித் தண்ணீரில் 15 நிமிடம் அமுக்கிப் பாருங்கள். பெரும்பாலும் கசிவது பையின் வாயை மூடும் பட்டையில்தான். ஒரு மணல் துகள் சிக்கினாலே போதும். ஏசி அறையிலிருந்து நேராகக் கொண்டுவந்தால் சென்னைப் புழுக்கத்தில் கண்ணாடி வேர்த்துவிடும். அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடுங்கள்.

முன்கண்ணாடி நல்ல தெளிவு. ஆனால் துளி ஒட்டினால் ஃபோகஸ் முகத்தை விட்டுத் துளிக்குத் தாவும், ஆகவே மைக்ரோஃபைபர் துணி கையிலேயே இருக்கட்டும். தெறிக்கும் நீர் படத்தில் உறைந்து நிற்க ஷட்டர் வேகம் 1/1000 நொடி. பெரிய குறை, பொலரைசரை (பளபளப்பைக் குறைக்க லென்ஸ் முன் மாட்டித் திருப்பும் ஃபில்டர்) உள்ளே திருப்ப முடியாது. நீரின் பளபளப்பை அடக்க வழியில்லை. அதனால் மாலை 4 மணிக்கு மேல் எடுங்கள். வெயில் கரைப்பக்கமிருந்து சாயும், கரையைப் பார்த்து நிற்பவர் முகத்தில் அழகாக விழும்.

முடிந்ததும் திறக்காமல் நல்ல தண்ணீரில் ஊறவிடுங்கள். உப்பு காய்ந்தால் பட்டை விறைத்துவிடும்.