கேக் பிடிக்காத அப்பாவுக்கு ஒரு தட்டு மஸ்கோத் அல்வா

என் அப்பாவுக்குக் கேக் பிடிக்காது. வீம்புக்குச் சொல்கிற ஆள் இல்லை அவர். அந்த வெனிலா எசன்ஸ் வாசனை அவருக்கு ஆகாது. மேலே பூசுகிற க்ரீம் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, பிறகு குடிக்கிற காபியின் ருசியையும் கெடுத்துவிடுகிறது என்பார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பேக்கரிகளில் பரவலாகப் பயன்படுத்தும் க்ரீம் பாலிலிருந்து எடுத்தது இல்லை. தாவர எண்ணெயைக் கெட்டியாக்கி, அடித்து நுரைக்க வைத்தது. நம் ஊர் வெக்கையில் உருகாமல் நிற்க வேண்டுமே என்று அப்படிச் செய்கிறார்கள். வெளியே உருகாதது வாய்க்குள்ளும் சட்டென்று உருகுவதில்லை.

இருந்தாலும் வருடா வருடம் பேரப்பிள்ளைகள் ஆசையாக வாங்கி வருவார்கள். அவரும் வெட்டி, ஒரு விள்ளல் வாயில் போட்டு, "நல்லா இருக்குப்பா" என்று சொல்லிவிட்டுத் தட்டை அம்மா பக்கம் நகர்த்துவார். பிறந்தநாள் அவருக்கு, சாப்பிடுவது மற்றவர்கள். இந்த வருடம் அவருக்கு 70 நிறைகிறது. அன்றைக்காவது அவர் கேட்டு வாங்கிச் சாப்பிடும்படி ஒன்று மேசையில் இருக்க வேண்டும் என்று எனக்கு இருந்தது.

ஆனால் வெறும் இனிப்புப் பெட்டியைத் திறந்து வைத்தால் பிள்ளைகள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். மெழுகுவர்த்தி நிற்க வேண்டும், தாத்தா கத்தி வைத்து வெட்ட வேண்டும், வெட்டின துண்டை ஊட்ட வேண்டும். அப்பாவுக்குப் பல்செட் என்பதால் கடினமாகவும் இருக்கக் கூடாது, பல்லைப் பிடித்து இழுக்கவும் கூடாது. என் தம்பி மனைவிக்குப் பால் பொருள் ஒத்துக்கொள்ளாது. அவளையும் பார்க்க வைத்துச் சாப்பிட முடியாது. இத்தனையும் சரியாக வருகிற ஒரு பண்டம் கேக்குக்கு வெளியே இருக்கிறதா என்றுதான் தேட ஆரம்பித்தேன்.

நாங்கள் இருப்பது பாளையங்கோட்டை. எல்லோரும் முதலில் சொன்னது நெல்லை அல்வாதான். சொல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். சம்பா கோதுமையை ஊறப்போட்டு அரைத்துப் பிழிந்த பாலும் சர்க்கரையும் நெய்யுமாகக் கிண்டின அல்வாவைச் சுடச்சுட இலையில் வாங்கி நின்றபடியே சாப்பிடுவதற்கு ஈடு எனக்குத் தெரிந்து வேறொன்று இல்லை. நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே இருட்டுக்கடையில் சாயங்காலம் வரிசையில் நிற்பவர்களைப் பார்த்தாலே அது புரியும். ஆனால் அதன் அழகே இளக்கம்தான். ஒரு கிலோவைத் தட்டில் கொட்டினால் அது மெல்லப் பரவி, ஓரத்தில் நெய் கசிந்து நிற்கும். அதில் மெழுகுவர்த்தி ஊன்ற முடியாது, கத்தியும் போட முடியாது. கரண்டியால் அள்ளித்தான் வைக்க வேண்டும். தவிர நெய் என்பதால் தம்பி மனைவி கணக்கிலேயே வரவில்லை.

தூத்துக்குடி மக்ரூன் என் பெண்ணுடைய கட்சி. முந்திரிப் பருப்புப் பொடி, சர்க்கரை, முட்டை வெள்ளைக்கரு, அவ்வளவுதான். மேலே மொறுமொறு, உள்ளே லேசான பிசுபிசுப்பு. பல்லுக்கு வேலையே இல்லை, பாலும் இல்லை. சின்னச் சின்னக் கூம்புகளாக இருப்பதால் அடுக்கி வைத்தாலும் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் கத்தி பட்டால் தூள்தான். காற்றுப் பட்டால் நமுத்தும் போய்விடும். டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு எல்லோரும் வந்து சேரட்டும் என்று காத்திருக்க முடியாது. பக்கத்தில் ஒரு தட்டில் இருக்கட்டும் என்று முடிவு செய்தோம். கோவில்பட்டிக் கடலைமிட்டாய் பேச்சு வந்த வேகத்தில் போய்விட்டது. 2020இல் புவிசார் குறியீடு வாங்கின பண்டம், ருசியில் குறையே சொல்ல முடியாது. ஆனால் பல்செட்காரரிடம் அதை நீட்டுவது பாவம். அதன் மேலே தூவுகிற கலர் தேங்காய்த் துருவல் மட்டும் என் மனதில் நின்றது.

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா நெருங்கி வந்தது. அழுத்தி வைத்தால் உருண்டையாகவோ சதுரமாகவோ நிற்கும், வெட்டவும் வரும். ஆனால் பெயரிலேயே பால் இருக்கிறது. சித்திரை வெயிலில் வெளியே வைத்து நாள் கணக்கில் நம்பவும் முடியாது.

கடைசியில் முதலூர்தான் என்று சொன்னது என் பெரியம்மா. அவர்கள் வீட்டில் கிறிஸ்துமஸுக்கு வாங்குகிற மஸ்கோத் அல்வாவைச் சின்ன வயதில் நானும் சாப்பிட்டிருக்கிறேன். பிறந்தநாளுக்கு என்று யோசிக்கத்தான் தோன்றவில்லை.

முதலூர், சாத்தான்குளம் பக்கத்து ஊர். தூத்துக்குடி மாவட்டம். 1799இல் கிறிஸ்தவர்களுக்கான குடியிருப்பாக உருவான ஊர். சுற்றிலும் செம்மண்ணும் பனைமரமும். பாளையங்கோட்டையிலிருந்து காரில் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. ஏ.ஜே.ஜே. என்ற மஸ்கோத் கடையின் பெயரை இந்தப் பக்கம் அநேகமாக எல்லோரும் கேள்விப்பட்டிருப்பார்கள். அது தவிரவும் ஊரில் கடைகள் இருக்கின்றன. நாங்கள் வாங்கினது பெரியம்மா வழக்கமாகப் போகிற ஒரு சின்னக் கடையில். வெட்டாமல் முழுத் தட்டாக வேண்டும் என்று முந்தின நாளே போனில் சொல்லியிருந்தோம். கடைக்கார அண்ணாச்சி காரணம் கேட்டார். அப்பாவுக்குப் பிறந்தநாள் என்றதும், "அப்படின்னா முந்திரியை மேலயும் கொஞ்சம் பதிச்சுத் தாரேன்" என்றார்.

செய்முறை தெரிந்தால்தான் இதன் குணம் புரியும். மைதாவையோ கோதுமை மாவையோ பிசைந்து ஊறவைத்து, தண்ணீரில் கரைத்துப் பிழிந்து, ரப்பராகத் திரளுகிற சக்கையை எடுத்துவிடுவார்கள். மிஞ்சுகிற மாவுப்பாலோடு தேங்காய்ப் பாலும் சர்க்கரையும் சேர்த்துப் பெரிய சட்டியில் மணிக்கணக்கில் கிண்ட வேண்டும். நெய் கிடையாது. கிண்டக் கிண்டத் தேங்காய்ப் பால் சுண்டி, அதிலிருந்தே எண்ணெய் பிரிந்து வரும். அந்த எண்ணெயிலேயே அல்வா வெந்து, சட்டியில் ஒட்டாமல் சுருண்டு வரும்போது முந்திரியைப் போட்டுத் தட்டில் கொட்டி ஆறவிடுவார்கள். ஆறினதும் கட்டியாகச் செட்டாகிவிடும். முட்டை இல்லை, பால் இல்லை, கத்தி வைக்கலாம். நான் தேடினது எல்லாம் ஒரே தட்டில்.

அப்பா வெட்டினதைச் சொல்ல வேண்டும். வட்டத் தாம்பாளத்தில் கவிழ்த்தபோது கருந்தேன் நிறத்தில் சதுரமாக, ஓரம் கூர்மையாக நின்றது. கலர் தேங்காய்த் துருவலை நாங்களே செய்து ஓரமாகத் தூவினோம். நடுவில் ஒரே ஒரு மெழுகுவர்த்தி. கத்தி முதலில் லேசாக எதிர்த்தது. அப்புறம் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு கீழே இறங்கியது. வெட்டின முகம் கண்ணாடிதான். உள்ளே முந்திரி இரண்டாக நறுக்கப்பட்டு வெள்ளையாகத் தெரிந்தது. ஒரு துளி உதிரவில்லை, கத்தியிலும் ஒட்டவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் துண்டைத் தூக்கிப் பிடித்தால் ஓரங்களில் வெளிச்சம் ஊடுருவுகிறது. விரலால் அமுக்கினால் குழிந்து மறுபடி எழும்புகிறது. சவ்வுமிட்டாய் மாதிரி இழுக்குமோ என்று பயந்தேன். இல்லை, கடித்த இடத்தில் நேராக அறுந்து, வாயில் வழுக்கிக்கொண்டு போகிறது. முதலில் இனிப்பு, பிறகு சுண்டக் காய்ச்சின தேங்காய்ப் பாலின் வாசம். அந்த வாசம் கொஞ்ச நேரம் நிற்கிறது, ஆனால் மேலண்ணத்தில் எதுவும் ஒட்டி நிற்பதில்லை. விரலில் மட்டும் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு.

அப்பா முதல் துண்டைப் பேரனுக்கு ஊட்டிவிட்டுத் தானும் ஒன்று போட்டுக்கொண்டார். தட்டை நகர்த்தவில்லை. "இன்னொரு துண்டு வைம்மா" என்று கேட்டார். எத்தனையோ பிறந்தநாளில் அவர் வாயிலிருந்து வராத வார்த்தை அது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தம்பி மனைவி யாரையும் எதுவும் விசாரிக்காமல் எடுத்துச் சாப்பிட்டாள். அதுவும் எனக்குப் பெரிய விஷயம்தான். பேரன் மட்டும் இது என்ன கேக் என்று முகத்தைச் சுளித்துவிட்டு மக்ரூன் பக்கம் போனான். சாயங்காலம் தானாக வந்து ஒரு துண்டு எடுத்துப் போனான்.

குறைகளும் உண்டு. இனிப்பு அதிகம், ரொம்பவே அதிகம். சின்னச் சதுரமாக வெட்டினால் இரண்டுக்கு மேல் யாராலும் முடியாது. எங்கள் வீட்டில் பதினைந்து பேருக்கு இரண்டு கிலோ வாங்கி, நல்ல பங்கு மிஞ்சியது. சர்க்கரை வியாதி உள்ளவர்கள் இருக்கிற வீட்டில் துண்டின் அளவைப் பெரியவர்கள் கையில் விடாதீர்கள். அப்பாவுக்கு மூன்றாவது துண்டு கிடையாது என்று அம்மா டப்பாவை மூடிவிட்டாள். பேக்கிங் சுமார்தான், பாலிதீன் தாளில் சுற்றி அட்டைப்பெட்டியில் தருகிறார்கள், எண்ணெய் அட்டையில் இறங்கிவிடுகிறது. வீட்டிலிருந்தே எவர்சில்வர் டப்பா கொண்டு போவது நல்லது. விலை, நெய் இனிப்புகள் அளவுக்கு ஏறவில்லை.

ஒரு எச்சரிக்கை. மஸ்கோத் என்று பெயர் போட்டு விற்பது எல்லாம் இது இல்லை. வேறு ஊரில் ஒரு இனிப்புக் கடையில் முன்பு வாங்கினது சிவப்பும் பச்சையுமாக இருந்தது. தேங்காய் வாசமே இல்லை, வாயில் டால்டா படிந்தது. அதைச் சாப்பிட்டுவிட்டு மஸ்கோத்தே வேண்டாம் என்று சொன்னவர்கள் எங்கள் வீட்டில் இருக்கிறார்கள். துண்டை மூக்கருகே கொண்டு போனாலே தேங்காய் வாசம் வர வேண்டும். நிறம் சர்க்கரை காய்ந்த பழுப்பாக இருக்க வேண்டும். ரொம்ப நாளானதாக இருந்தால் காறல் வாடை அடிக்கும். அன்றைக்கோ முந்தின நாளோ கிண்டினதா என்று கேட்டு வாங்குங்கள்.

ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறைந்துவிடும். அல்வாவும் விறைத்து, மேலே வெள்ளை படர்ந்து, பார்க்கவே பிடிக்காமல் போகும். அப்படி ஆகிவிட்டால் தூக்கிப் போட வேண்டாம், வெளியே கொஞ்ச நேரம் வைத்தால் மறுபடி இளகும். மூடின டப்பாவில் அலமாரியில் இருந்த மிச்சம் எங்களுக்கு ஒரு வாரம் வரை நன்றாகவே இருந்தது.

கேக் பிடிக்காத எல்லோருக்கும் இதையே சொல்ல மாட்டேன். இனிப்பே குறைவாக வேண்டும் என்பவருக்கு இளநீர்ப் பாயசம் சரியாக இருக்கும். வழுக்கையைக் குளிரவைத்துச் சின்னக் கிண்ணங்களில் கொடுத்தால் வெயில் காலத்துப் பிறந்தநாளுக்கு அதுதான் பாந்தம். வெட்டுகிற சடங்கே வேண்டாம் என்பவருக்குச் சூடான நெல்லை அல்வாவை ஆளுக்கு ஒரு இலையில் வையுங்கள். க்ரீம்தான் பிடிக்காது, மெழுகுவர்த்தி ஆசை இருக்கிறது என்பவருக்குத்தான் முதலூர்.

அம்மாவின் பிறந்தநாள் ஐப்பசியில் வருகிறது. அவளுக்குக் கேக்கும் வேண்டாமாம், மஸ்கோத்தும் வேண்டாமாம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பால்கோவா வாங்கி வர இப்போதே தம்பியிடம் சொல்லி வைத்துவிட்டாள். தம்பி மனைவிக்காக முதலூர் அண்ணாச்சியிடம் அரைக் கிலோ தனியாகச் சொல்ல வேண்டும்.