சுங்கை சிப்புட் மாடிக்கடை: காதுக்கும் பச்சைக்கும் போகலாம், முடிக்கு யோசித்துப் போங்கள்

பச்சை குத்த, காது மூக்கு குத்த, முடிக்கு நிறம் அடிக்க என்று மூன்றுக்கும் பேராக்கில் நம்ம சுங்கை சிப்புட் டவுனில் ஒரே இடமாக இருக்கும் மாடிக்கடையைப் பற்றி ஆளாளுக்குக் கேட்கிறீர்கள், தனித்தனியாகப் பதில் சொல்லி மாளவில்லை, அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன். கீழே மளிகைக் கடை, பக்கத்துப் படியில் ஏறினால் கண்ணாடிக் கதவு. போர்டில் இருக்கும் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது, மாடிக்கடை என்றால் எல்லாருக்கும் தெரியும். கணவர் ஊசி வேலை, மனைவி முடி வேலை. கணவர் ஈப்போவில் ஒரு சீனர் கடையில் பல வருஷம் கூடமாட இருந்து தொழில் பழகியவர், கை சுத்தம்.

நான் போனது அண்ணன் மகளுக்காக. ஐந்தாம் படிவத்தின் அரசுப் பரீட்சையான எஸ்பிஎம்மின் கடைசித் தாள் எழுதி முடித்த கையோடு, "அத்தை, அப்பாகிட்ட நீங்களே சொல்லிடுங்க" என்று வந்து நின்றாள். காதின் மேல் மடலில் ஒரு குத்து, முடியில் நீலம். பதினோரு வருஷம் எண்ணெய் வைத்துச் சடை பின்னி ரிப்பன் கட்டிப் பள்ளிக்குப் போன பெண், முடியில் நிறம் இருந்தால் டிசிப்ளின் ஆசிரியர் கூப்பிட்டு நிறுத்துவார் என்ற பயத்திலேயே வளர்ந்தவள், பரீட்சை முடிந்ததும் முதலில் கை வைப்பது அந்த முடியில்தான் என்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. அண்ணனுக்குத்தான் ரத்தம் கொதித்தது. அவருடைய கணக்கில் பச்சை குத்தினவன் கேங்காரன், முடிக்கு நிறம் அடித்தவள் அடங்காதவள், அதோடு விசாரணை முடிந்தது.

அவர் பயத்தையும் ஒரேயடியாகத் தள்ள முடியாது. 2013இல் உள்துறை அமைச்சு 49 சட்டவிரோதக் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டபோது 04, 08, 36 என்ற கும்பல் எண்களெல்லாம் நம்ம வீட்டுப் பையன்களைப் பற்றிய பேச்சாகவே இருந்தது. ரப்பர் தோட்டங்களை மூடி ஆட்களை டவுன் ஓரத்து மலிவுவிலை வீடுகளுக்கு அனுப்பிய பிறகு, கையில் எண்ணோடு சுற்றிய பையன்களை நாமும் பார்த்திருக்கிறோம். நாங்கள் உட்கார்ந்திருந்தபோதே பதினெட்டு வயதுகூட ஆகாத ஒருவன் வந்து கழுத்தில் எண் போடக் கேட்டான். கடைக்காரர் கத்தவில்லை. "தம்பி, நம்பர் நான் போடுறதில்ல, கழுத்தும் கையும் முதல் தடவைக்குத் தொடுறதில்ல, போய் அம்மாவ கூட்டிட்டு வா" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார். காசு வேண்டாம் என்று ஒரு வியாபாரி சொல்வதைப் பார்ப்பது அபூர்வம், அதற்கே ஒரு நட்சத்திரம் கொடுத்துவிட்டேன். போலீஸ் வேலைக்கு மனுப் போடும் எண்ணம் இருக்கிறதா என்றும் எல்லாப் பையன்களிடமும் கேட்கிறார், ஏனென்றால் ஆள் எடுக்கும்போது உடம்பில் பச்சை இருக்கக் கூடாது.

சரி, காதுக்கு வருகிறேன். டவுனில் மற்ற இடங்களில் துப்பாக்கி வைத்து டப்பென்று அடித்துவிடுகிறார்கள். கீழ்மடல் வெறும் சதை, தாங்கும். மேல்மடல் குருத்தெலும்பு, அங்கே மொட்டையான தோட்டை ஸ்பிரிங் வேகத்தில் தள்ளினால் அது நசுங்கும், ரத்த ஓட்டம் குறைந்த இடம் என்பதால் சீழ் பிடித்தால் காதின் வடிவமே கெட்டுப்போகலாம். துப்பாக்கியின் பிளாஸ்டிக் பாகங்களைக் கிருமி கொல்லும் ஆவிக் கொதிகலனில் போடவும் முடியாது. மாடிக்கடையில் உள்ளே குழலாக இருக்கும் ஊசி, ஒருவருக்கு ஒன்று, பாக்கெட்டை நம் கண் முன்னால்தான் பிரிக்கிறார். பாக்கெட் ஓரத்துக் குறி நிறம் மாறியிருந்தால் அது கொதிகலனுக்குள் போய் வந்தது என்று அர்த்தம், 121 டிகிரியில் பதினைந்து நிமிஷம் என்று சொல்லிக் காட்டினார். நான் கையுறை ஃபேக்டரியில் குவாலிட்டி பார்ப்பவள், இந்த விஷயத்தில் என் கண்ணை ஏமாற்றுவது கஷ்டம். மைப்பேனாவால் காதில் புள்ளி வைத்தார், கண்ணாடியில் அவளைப் பார்க்கச் சொன்னார், ஒரு நெல் அளவு கீழே வேண்டும் என்றாள், துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். அந்த நேரம் பார்த்துக் கைபேசி அடித்தது. எடுத்து நிறுத்திவிட்டு, இரண்டு கையுறையையும் கழற்றிப் போட்டுவிட்டுப் புது ஜோடி மாட்டினார். எனக்கு அது போதும்.

போட்டது டைட்டானியக் கம்பி. தங்கத்தோடு வேண்டுமானால் ஆறிய பிறகு மாட்டிக்கொள்ளுங்கள் என்றார், மலிவு உலோகத்தில் நிக்கல் இருந்தால் அரிப்பு வரும். முதல் கம்பி கொஞ்சம் நீளமாக இருக்கும், வீக்கத்துக்கு இடம் வேண்டுமல்லவா, வீக்கம் வடிந்ததும் குட்டைக் கம்பி மாற்றித் தருவார், அதற்குத் தனிக்காசு இல்லை. கீழ்மடல் ஆற ஆறு முதல் எட்டு வாரம் போதும், மேல்மடல் அரை வருஷம், சிலருக்கு ஒரு வருஷம்கூட ஆகும். மஞ்சள், தேங்காயெண்ணெய், டெட்டால் எதுவும் வேண்டாம், உப்புநீர் மட்டும். எங்கள் அம்மா மஞ்சளைக் குழைத்துக்கொண்டு தயாராக நின்றார், நான்தான் தடுத்தேன்.

பச்சைதான் இந்தக் கடையின் பெரிய பலம், முக்கியமாக அவர் "ஏன்" என்று கேட்கும் விதம். பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் எல்லாம் காதில் விழுகிறது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பையன் ஒருவன் வருஷா வருஷம் ஈப்போ கல்லுமலை முருகன் கோயிலில் அலகு குத்திக் காவடி எடுப்பவனாம், முன்கையில் வேல் வேண்டும் என்றான். அவன் அம்மா பக்கத்திலேயே இருந்து வேலின் கூர்மை போதாது என்று திருத்தம் சொல்லிக்கொண்டிருந்தார். இன்னொருவருக்குச் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனைக் குலை வெட்டும்போது அரிவாள் பட்ட நீளத் தழும்பு, பார்க்கிறவர்கள் எல்லாம் சண்டையா சண்டையா என்று கேட்கிறார்களாம், அதன் மேல் செம்பனை ஓலை வரையக் கேட்டார். தழும்புக்கு ஒரு வருஷமாவது ஆகட்டும் என்று கடைக்காரர் அவரைத் திருப்பி அனுப்பினார். ஒரு அக்கா, விவாகரத்து முடிந்த மறுவாரம் ஊதா நிற முடியோடு மூக்குத்தி குத்த வந்திருந்தார். காரணம் யாரும் கேட்கவில்லை, அவராகவே, "எல்லாத்துக்கும் ஒருத்தர்கிட்ட கேட்டுக் கேட்டே பழகிட்டேன், இதுக்குக் கேக்கல" என்றார்.

இதையெல்லாம் புதுப் பழக்கம், மேல்நாட்டு மோகம் என்பவர்கள் தங்கள் பாட்டியின் கையை மறந்துவிட்டார்கள். தமிழ்நாட்டிலிருந்து ரஜூலா கப்பலில் வந்த எங்கள் பாட்டிக்கு இரண்டு முன்கையிலும் கோலப் பச்சை, புள்ளிகள் மங்கி ஒன்றோடொன்று கலந்து கிடக்கும். பாம்படம் போட்டு வளர்த்த காது தோளைத் தொடும். குறத்தி குத்தினது, விளக்குக் கரியும் இலைச்சாறும் சேர்த்த மை. செத்தால் கூட வருவது இது மட்டும்தான் என்பார். வந்ததிலிருந்து தோட்டத்துக் கம்பெனியின் லயத்து வரிசை வீட்டிலேயே இருந்து கிழவியானவர், வேலை போனால் வீடும் போகும் என்ற வாழ்க்கை, அதில் தோலைத் தவிர எதைத் தன்னுடையது என்று சொல்லியிருப்பார்? சரவாக்கில் இபான் பழங்குடி ஆண்கள் ஊரைவிட்டுக் கிளம்பும் வயதில் தோளில் கத்தரிப்பூ குத்திக்கொள்வார்கள், அதைச் சுற்றுலா விளம்பரத்தில் போட்டுப் பாரம்பரியம் என்கிறோம், நம்ம பையன் தோளில் குத்தினால் மட்டும் உருப்படாதவன். எஸ்பிஎம் முடித்த பெண்ணின் நீல முடியும் பாட்டியின் புள்ளிகளும் எனக்கு ஒரே சங்கதியாகத்தான் படுகிறது. இது என்னுடையது, அவ்வளவுதான். அண்ணனிடமும் இதையே சொன்னேன், பதில் வரவில்லை.

ஒரு எச்சரிக்கை. பெயர் குத்துகிறவர்கள் அச்சு எடுத்த தாளை நாலு தடவை படியுங்கள். அவர் கணினியில் தமிழைக் கொண்டுபோய் ஒட்டினால் சில சமயம் கொம்பு இடம் மாறி எழுத்துக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்கிறது. தமிழ்ப்பள்ளியில் படித்தவர்தான், ஆனாலும் தாளைத் திருப்பி வைத்து வேலை செய்யும்போது கண்ணில் படாது. என் எதிரிலேயே ஒரு ஜோதியைக் காப்பாற்றினேன். தோலுக்குள் போன மையை உடம்பின் செல்களே விழுங்கிப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால்தான் அது நிற்கிறது. லேசரில் அழிக்கலாம், கறுப்பு ஓரளவு சீக்கிரம் போகும், பச்சை நிறமும் மஞ்சளும் லேசில் போகாது, குத்தின காசைவிட அழிக்கும் காசு அதிகம்.

இனி குறை. முடி. மனைவி நல்ல மனுஷி, பேச்சு இனிக்கும், ஆனால் கணவர் கேட்கும் கேள்விகளில் பாதிகூட அவர் கேட்பதில்லை. நம்ம கறுப்பு முடியில் நீலம் தெரிய வேண்டுமென்றால் முதலில் பிளீச் போட்டு வெளுக்க வேண்டும், முடி செம்பட்டையாகி, ஆரஞ்சாகி, அப்புறம்தான் மஞ்சளுக்கு வரும். அந்த மஞ்சளை இன்னும் வெளுக்காமல் அதன் மேல் நீலத்தைப் போட்டால் என்ன ஆகும், சின்னப் பிள்ளைகளுக்கே தெரியும். அன்றைக்குக் கிளம்பும்போது மயில் கழுத்து மாதிரி இருந்தது, சில அலசலிலேயே பாசி பிடித்த பச்சைக்குப் போய்விட்டது. இந்த வகை நீலம் முடிக்குள் இறங்காது, அலச அலசப் போகும், குளிர்ந்த தண்ணீரில்தான் அலச வேண்டும் என்று முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். போய்ச் சொன்னதும் முகம் சுளிக்காமல் மறுபடி போட்டுத் தந்தார், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு தடவி 48 மணி நேரம் பார்க்கும் சோதனையை அவர் யாருக்குமே செய்ததாகத் தெரியவில்லை. கறுப்பு, பழுப்புச் சாயங்களில் பெரும்பாலும் பிபிடி என்ற ரசாயனம் உண்டு, ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு முகமே வீங்கிவிடும். பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் "கறுப்பு மருதாணி" என்று போடுவதிலும் பல சமயம் இதே சரக்குதான், அசல் மருதாணி சிவக்கும், கறுக்காது. பிள்ளைகள் கையில் அதைப் போடாதீர்கள்.

விலை: மேல்மடல் குத்து கம்பியோடு 70 வெள்ளி (ரிங்கிட்). பச்சைக்கு எவ்வளவு சின்னதானாலும் 150இலிருந்து ஆரம்பம். உள்பக்க முடிக்கு மட்டும் பிளீச்சும் நிறமும் 220, இந்தக் காசுக்கு முடிக்கு ஈப்போவே போகலாம் என்பது என் கருத்து. திங்கள் விடுமுறை. தீபாவளிக்கு முந்திய வாரங்களில் போகாதீர்கள், படியிலேயே வரிசை நிற்கும். பதினெட்டு வயதுக்குள் என்றால் அப்பாவோ அம்மாவோ கூட வர வேண்டும், அத்தை போதாது, என்னையே திருப்பி அனுப்பப் பார்த்து, அண்ணனுக்கு வீடியோ கால் போட்டுச் சம்மதம் வாங்கிய பிறகுதான் ஊசியை எடுத்தார்.