விடிஓ டிடிசிஓ 1381: ஓட்டிய நேரம் தானாகப் பதியும், மற்றதற்கு பட்டனை அமுக்கணும்

பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் லாரி ஓட்டுபவர்கள் கண்ணில் அடிக்கடி படும் டாக்கோகிராஃப் இது, அதாவது டிரைவரின் ஓட்டம், வேலை, ஓய்வு நேரங்களைப் பதியும் கருவி. கார் ரேடியோ அளவுள்ள பெட்டி, டிரைவர் தன் கார்டைச் செருக இரண்டு வாய், சின்னத் திரை, ரசீது அடிக்கும் பிரிண்டர். திரையில் தமிழ் கிடையாது. ஆனால் நான்கு சின்னங்கள் பழகிவிட்டால் போதும்: ஸ்டியரிங் என்றால் ஓட்டம், குறுக்குச் சுத்தியல் என்றால் மற்ற வேலை, கோடு போட்ட கட்டம் என்றால் காத்திருப்பு, கட்டில் என்றால் ஓய்வு.

சக்கரம் உருண்டால் ஓட்டம் தானாகப் பதியும். அந்த வேலையில் இதைக் குறை சொல்ல இடமில்லை. தொடர்ந்து 4 மணி 15 நிமிடம் ஓட்டியதும் ஒரு எச்சரிக்கை, நாலரை மணியில் இன்னொன்று. அதற்குள் 45 நிமிட பிரேக் எடுத்திருக்க வேண்டும். பிரித்து எடுப்பதென்றால் முதலில் 15, பிறகு 30. மாற்றி எடுத்தால் செல்லாது.

சிக்கலெல்லாம் வண்டி நின்ற பிறகுதான். நின்றதும் பெட்டி சுத்தியலுக்குப் போய்விடும். டீ குடிக்க இறங்குபவர் 1ஆம் எண் பட்டனை அமுக்கிக் கட்டிலுக்கு மாற்றவில்லை என்றால், முக்கால் மணி நேரமும் வேலையாகவே பதிவாகும், பிரேக் கிடைக்காது. இன்னொரு சிக்கல், சாவியை அணைத்ததும் தானாகக் கட்டிலுக்குப் போகும்படி அமைத்த வண்டிகள். இன்ஜினை நிறுத்திவிட்டு சரக்கு இறக்கும் அரை மணி, ஓய்வாகப் பதிவாகிவிடும். அது பொய்ப் பதிவு, பதில் சொல்ல வேண்டியவர் டிரைவர். புது வண்டியில் ஏறினால் முதல் வேலையாகச் சாவியை அணைத்து எந்தச் சின்னம் வருகிறது என்று பாருங்கள்.

ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஒரே செயல்தான் பதிவாகும். அந்த நிமிடத்தில் எது அதிக நேரம் தொடர்ந்ததோ அது. அதனால் கடிகாரம் பார்த்துச் சரியாக 45 நிமிடத்தில் கிளம்பினால் பதிவில் 44 என்று நிற்கக்கூடும். இரண்டு நிமிடம் கூடுதலாக உட்காருவதுதான் புத்திசாலித்தனம்.

காலையில் கார்டைச் செருகியதும், கடைசியாக எடுத்த நேரத்தைக் காட்டி, இடைப்பட்ட காலத்தைப் பதிகிறீர்களா என்று கேட்கும். இதுதான் இந்தப் பெட்டியின் மிக எரிச்சலான பகுதி. அம்புக்குறிப் பட்டனால் நாள், மணி, நிமிடம் என்று ஒவ்வொன்றாக நகர்த்தணும், ஒன்றைத் தாண்டிவிட்டால் திரும்பி வரணும். அவசரத்தில் 'இல்லை' என்று அமுக்கினால் அந்த நேரம் முழுக்க கேள்விக்குறியாக நிற்கும். கிடங்கில் சரக்கு அடுக்கியது, வேறொரு முதலாளியிடம் செய்த வேலை எல்லாம் இங்கேதான் சேர வேண்டும். பதிவை முடிக்காமல் வண்டியை நகர்த்தாதீர்கள்.

தப்பாகப் பதிந்ததைப் பெட்டியில் திருத்த முடியாது. உடனே ஒரு பிரிண்ட் எடுத்து, பின்பக்கம் நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டு வையுங்கள். பிரிண்டில் நேரம் யூடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில் இருக்கும். பிரிட்டனில் கோடையில் ஒரு மணி குறைவாகத் தெரியும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். வெயிலில் தாள் வெளுத்துவிடும், டேஷ்போர்டு மேல் வைக்காதீர்கள். உதிரி ரோல் ஒன்று கேபினில் எப்போதும் இருக்கட்டும். தாள் தீர்ந்துவிட்டது என்ற சமாதானம் சோதனையில் எடுபடாது.

இருவர் ஓட்டும் வண்டியில், ஓட்டுபவர் கார்டு 1ஆம் வாயில் இருக்க வேண்டும். ஆள் மாறும்போது கார்டையும் மாற்றாவிட்டால், தூங்கியவர் கணக்கில் ஓட்டம் ஏறும். கார்டு தொலைந்தால் 7 நாளுக்குள் மாற்றுக் கார்டுக்கு விண்ணப்பித்து, 15 நாள் வரை கார்டின்றி ஓட்டலாம். ஒவ்வொரு நாளும் கிளம்பும்போது ஒரு பிரிண்ட், முடிக்கும்போது ஒரு பிரிண்ட் எடுத்திருக்கணும்.

சொந்த லாரி வைத்திருப்பவர்களுக்கு: கார்டுத் தரவை 28 நாளுக்குள், பெட்டித் தரவை 90 நாளுக்குள் இறக்கி எடுத்துவிடணும். பட்டறையில் செய்யும் அளவுத்திருத்தம் (கலிபரேஷன்) 2 வருடத்துக்கு ஒருமுறை. டயர் அளவை மாற்றினால் உடனே. பழைய வண்டி வாங்கும்போது பட்டறை ஒட்டிய தகட்டில் தேதியையும் டயர் அளவையும் படித்துப் பாருங்கள், கெடு தாண்டியிருந்தால் அந்தச் செலவையும் விலையில் கழித்துப் பேசுங்கள்.