அந்தமானா, மாலத்தீவா, யாழ்ப்பாணமா? கடைசி நாற்பது கிலோமீட்டர் கணக்கு

எங்கள் வீட்டில் தீவு விஷயத்தில் மூன்று கட்சிகள். கல்லூரியில் படிக்கும் மகனுக்கு அந்தமான் போய் ஸ்கூபா அடிக்க வேண்டும். மனைவிக்கு மாலத்தீவு. மாமியாருக்கு யாழ்ப்பாணம் பக்கத்து நயினாதீவு நாகபூஷணி அம்மனைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். நான் திருச்சிக்காரன், மூன்று இடத்துக்கும் ஒரு தடவையாவது போய் அடிபட்டு வந்தவன் என்பதால் பஞ்சாயத்து என் தலையில் விழுந்தது.

பஞ்சாயத்துக்கு உட்கார்ந்தபோதுதான் ஒன்று புரிந்தது. நாங்கள் எல்லோரும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தது விமான டிக்கெட் விலையை. அதில் இப்போது பெரிய வித்தியாசமே இல்லை. மூன்றுமே நம் ஊர் விமான நிலையங்களிலிருந்து ஒரு மணியிலிருந்து இரண்டேகால் மணி நேரத்துக்குள். விமானம் தரையைத் தொட்ட பிறகு, பெட்டியோடு கடற்கரைக்குப் போய்ச் சேரும் அந்தக் கடைசி முப்பது, நாற்பது கிலோமீட்டர் இருக்கிறதே, அங்கேதான் பணமும் போகிறது, நாளும் போகிறது.

அந்தமான்: விமானம் வேகம், படகு சுணக்கம்

ஒரு காலத்தில் அந்தமான் என்றால் சென்னைத் துறைமுகம்தான். நான்கவுரி, சுவராஜ் த்வீப் என்று கப்பல்கள். ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர் கடல், கிட்டத்தட்ட மூன்று நாள், பங்க் வகுப்பில் படுத்தால் பக்கத்து மூட்டையில் கருவாடு. தீவுக்காரர்களுக்கு அந்தக் கப்பல் இன்றும் உயிர்நாடி. சுற்றுலாப் பயணிகள் விமானத்துக்கு மாறிவிட்டார்கள். சென்னையிலிருந்து இரண்டேகால் மணி நேரம். 2023 ஜூலையில் தலைநகர் போர்ட் பிளேரில் சிப்பி வடிவத்தில் புது விமான முனையம் திறந்தார்கள். ஆண்டுக்கு ஐம்பது லட்சம் பேரைக் கையாளும் அளவு. 2024 நவம்பரில் கோலாலம்பூரிலிருந்து முதல் பன்னாட்டு விமானமும் வந்து இறங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் போர்ட் பிளேர் என்ற பெயரையே ஸ்ரீ விஜய புரம் என்று மாற்றினார்கள். ஆட்டோக்காரர் வாயில் இன்னும் அது போர்ட் பிளேர்தான். 2018-இல் சுவராஜ் த்வீப் ஆன ஹேவ்லாக் தீவும் அப்படியே.

விசா கிடையாது, பாஸ்போர்ட் கிடையாது, ஆதார் போதும். கடைக்குப் போனால் வங்காளம், இந்தி, தமிழ் மூன்றில் எதில் வேண்டுமானாலும் பேரம் பேசலாம். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலுக்கடியில் கேபிள் இழுத்த பிறகு செல்போனும் ஒழுங்காக வேலை செய்கிறது. அதற்கு முன் போனவர்களைக் கேட்டுப் பாருங்கள், ஒரு போட்டோ அனுப்ப அரை மணி நேரம் காத்திருந்த கதை சொல்வார்கள்.

சிக்கல் படகுத்துறையில். நல்ல கடற்கரை எல்லாம் ஹேவ்லாக், நீல் தீவுகள் பக்கம். போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக்குக்குத் தனியார் விரைவுப் படகில் ஒன்றரை, இரண்டு மணி நேரம். அரசுப் படகு மலிவு, ஆனால் டிக்கெட் கிடைப்பது பூர்வ புண்ணியம். நாங்கள் முதல் முறை போனபோது காலையில் இறங்கி மத்தியானமே ஹேவ்லாக் படகைப் பிடிப்பதாகத் திட்டம். படகுத்துறைக்குப் போனால் கூட்டம் அப்படியே பெட்டிமேல் உட்கார்ந்திருக்கிறது. எதிரே டீக்கடைக்காரர் ராமநாதபுரத்து வம்சாவளி. வடையைத் தாளில் மடித்துக் கொடுத்துக்கொண்டே சொன்னார்: "மூணாம் நம்பர் புயல் கூண்டு ஏத்திட்டாங்க சார். இன்னிக்குப் படகு வராது. போய்த் தூங்குங்க." மறுநாளும் வரவில்லை. படகு டிக்கெட் பணம் மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தது. ஹேவ்லாக்கில் இரண்டு ராத்திரிக்குக் கட்டிய அறைப் பணம் வரவே இல்லை. இரண்டு நாளும் செல்லுலார் சிறையையும் அபர்டீன் பஜாரையும் மாறி மாறிப் பார்த்தோம்.

இரண்டாம் முறை அனுபவத்தோடு போனேன். இறங்கிய அன்று போர்ட் பிளேரிலேயே தங்கல். திரும்பும்போதும் விமானத்துக்கு முதல் நாளே ஹேவ்லாக்கை விட்டுக் கிளம்பல். ஆக ஆறு நாள் பயணத்தில் ஹேவ்லாக்கின் ராதாநகர் கடற்கரைக்குக் கிடைப்பது மூன்று நாள். இன்னொன்று, அங்கே கடிகாரம் நம்முடையது, சூரியன் நம்முடையது இல்லை. டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடும். சாவகாசமாக எழுந்து, சாவகாசமாக இட்லி சாப்பிடும் குடும்பத்துக்கு அந்தமான் பாதி நாள்தான் காட்டும்.

மாலத்தீவு: ஒரு நாடு, இரண்டு விலை

மாலத்தீவை ஓர் இடமாக எண்ணி ஒப்பிடுவதே தவறு. அங்கே இரண்டு மாலத்தீவு உண்டு.

முதலாவது, போஸ்டரில் இருப்பது. 1972-இல் இத்தாலியப் பயணிகள் வரத் தொடங்கியபோது குரும்பா என்ற தீவில் முதல் விடுதி திறந்தார்கள். அன்று பிடித்த வழி, ஒரு தீவுக்கு ஒரு விடுதி, உள்ளூர் ஜனம் வேறு தீவில். தூரத்து விடுதி என்றால் மாலே விமான நிலையத்திலிருந்து கடல் விமானம்தான். ட்வின் ஓட்டர் என்ற சின்ன விமானம், பதினைந்து பேர் உட்காரலாம், விமானி அரைக்கால் சட்டையும் வெறுங்காலுமாக ஏறி உட்காருவார். மேலிருந்து பார்க்கும் பவழத்திட்டு வளையங்கள், உண்மையைச் சொன்னால், வாழ்நாளில் ஒரு தடவை பார்க்க வேண்டியவைதான். ஆனால் போக வர ஆளுக்கு நானூறு, ஐந்நூறு டாலர் தீட்டிவிடுவார்கள். திருவனந்தபுரத்திலிருந்து மாலேக்குக் கொடுக்கும் டிக்கெட்டைவிடக் கடைசிக் காலடிக்கு அதிகம். மேலும் அது பகலில் மட்டுமே பறக்கும். உங்கள் விமானம் மாலை நான்கு மணிக்கு மேல் இறங்கினால், கட்டிய ஆயிரக்கணக்கான ரூபாய் அறை காலியாகக் கிடக்க, நீங்கள் மாலேக்குப் பக்கத்தில் இன்னோர் அறைக்குப் பணம் கட்டிப் படுக்க வேண்டும்.

இரண்டாவது மாலத்தீவு, ஜனம் வசிக்கும் தீவுகள். உள்ளூர்த் தீவுகளில் விருந்தினர் விடுதிகள் பெருகத் தொடங்கியது 2009-க்குப் பிறகுதான். மாலேயிலிருந்து இருபத்தேழு கிலோமீட்டரில் இருக்கும் மாஃபுஷி இதில் பிரபலம். ஸ்பீட் போட்டில் அரை மணி, முக்கால் மணி நேரம். இருபது, இருபத்தைந்து டாலர். ஊர்க்காரர்கள் போகும் பொதுப் படகு ஒன்றரை மணி நேரம் எடுக்கும், கட்டணம் சில டாலர்தான். எச்சரிக்கை ஒன்று: வெள்ளிக்கிழமை அது ஓடாது. எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறீர்களா? வெள்ளிக்கிழமை போய் இறங்கினேன்.

உள்ளூர்த் தீவில் மது கிடையாது. நீச்சல் உடைக்குத் தனியாக மறைவு போட்ட கடற்கரை. காலையில் மாஸ் ஹூனி என்று சூரையும் தேங்காய்த் துருவலும் வெங்காயமும் பச்சை மிளகாயும் பிசைந்து ரொட்டியோடு தருவார்கள். கிட்டத்தட்ட நம் வீட்டுப் புட்டுதான், மாவுக்குப் பதில் மீன். சைவக்காரர்கள் பொடி டப்பாவோடு போவது நல்லது.

விசா விஷயத்தில் மாலத்தீவை அடிக்க ஆளில்லை. இந்தியர்களுக்கு இறங்கியதும் தொண்ணூறு நாள் வரை இலவசம். ஐமுகா என்ற இணையப் படிவத்தை மட்டும் முன்கூட்டியே நிரப்ப வேண்டும். விசாவில் விட்டதை வரியில் பிடித்துவிடுகிறார்கள். சுற்றுலாச் சேவை வரி 2025 ஜூலை முதல் 17 சதவீதம். பசுமை வரி ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு ரிசார்ட் என்றால் 12 டாலர், உள்ளூர்த் தீவின் சின்ன விடுதி என்றால் 6. திரும்பி வரும் எகானமி டிக்கெட்டுக்குள் 50 டாலர் புறப்பாட்டு வரி ஒளிந்திருக்கும். நாலு பேர் குடும்பத்துக்கு இதையெல்லாம் கூட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் "மலிவான பேக்கேஜ்" விளம்பரத்தைப் பாருங்கள்.

2024 ஜனவரியில் நடந்த கூத்து நினைவிருக்கும். பிரதமரின் லட்சத்தீவுப் பயணம், மாலத்தீவுத் துணை அமைச்சர்களின் ஏச்சு, இங்கே புறக்கணிப்புக் கோஷம். 2023-இல் அங்கே போனவர்களில் இரண்டு லட்சத்துக்கு மேல் இந்தியர்கள், முதலிடம் நாம்தான். அடுத்த ஆண்டு அது 1.3 லட்சத்தை ஒட்டி இறங்கியது. இருந்தும் மொத்தப் பயணிகள் எண்ணிக்கை இருபது லட்சத்தைத் தாண்டியது. நாம் விட்ட இருக்கையில் சீனர்கள் உட்கார்ந்தார்கள். 2025-இல் புது முனையம் வேறு வந்திருக்கிறது. குடியேற்ற வரிசை குறையலாம், கடல் விமானக் கட்டணம் குறையாது.

அன்று எல்லோரும் மாற்று என்று கூவிய லட்சத்தீவு? அகத்தி ஓடுபாதை 1,200 மீட்டரைச் சுற்றித்தான், சின்ன விமானம் மட்டுமே இறங்கும். போக அனுமதிச் சீட்டு வேண்டும். கொச்சியிலிருந்து கப்பல் உண்டு. காயல் அழகில் மாலத்தீவுக்குக் கொஞ்சமும் குறைவில்லை. ஆனால் நாலு நாள் லீவில் நினைத்தவுடன் கிளம்ப முடிகிற இடம் அல்ல என்பதால் எங்கள் பஞ்சாயத்தில் அதைச் சேர்க்கவில்லை.

யாழ்ப்பாணம்: கடைசித் தூரம் பஸ்ஸில்

1964 புயல் தனுஷ்கோடியை அடித்துப் போகும் வரை, ரயிலிலிருந்து இறங்கிக் கப்பலேறித் தலைமன்னார் போகலாம். அதன் பிறகு ராமேஸ்வரம் கப்பல், அப்புறம் போர், அப்புறம் ஒன்றுமில்லை. பக்கத்திலிருக்கும் யாழ்ப்பாணத்துக்குக் கொழும்பு சுற்றிப் போனோம். பல்லைத் தொடத் தலையைச் சுற்றுவது மாதிரி.

2019 அக்டோபரில் யாழ்ப்பாணத்தின் பலாலி பன்னாட்டு விமான நிலையமாகத் திறந்தது. சில மாதத்தில் கொரோனா வந்து மூடி, 2022 டிசம்பரில்தான் சென்னை விமானம் திரும்ப வந்தது. 2024 செப்டம்பரில் இண்டிகோவும் தினசரி ஓட்டத் தொடங்கியது. 2025 மார்ச் கடைசியில் திருச்சியிலிருந்தும். எல்லாம் ஏடிஆர் எனும் காற்றாடி விமானம். நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணத்தின் துறைமுகமான காங்கேசன்துறைக்குக் கப்பலும் உண்டு: 2023 அக்டோபரில் கொடியசைத்துச் சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' என்ற பெயரில் மறுபடி வந்தது. சுமார் நாலு மணி நேரப் பயணம், வடகிழக்குப் பருவமழையில் ஓடாது.

பலாலியிலிருந்து யாழ்ப்பாண நகரம் இருபது கிலோமீட்டருக்குள். ஆட்டோ உண்டு, பஸ் உண்டு. அங்கிருந்து நயினாதீவுக்கு, கடல்மேல் போட்ட சாலைகளான தாம்போதிகளைக் கடந்து குறிகாட்டுவான் படகுத்துறை வரை தரை வழி, பிறகு படகில் கால் மணி நேரம். ஒரே படகில் நாகவிகாரை என்ற பௌத்தக் கோயிலுக்குப் போகும் சிங்கள யாத்திரிகர்கள் வெள்ளைச் சட்டையில், அம்மன் கோயிலுக்குப் போகும் நம் ஜனம் பட்டுச் சேலையில். எல்லார் கழுத்திலும் அதே ஆரஞ்சு மிதவைச் சட்டை. வெளித்தட்டில் நிற்கப் பார்த்த என்னைப் படகுக்காரர் கையைப் பிடித்து இழுத்தார்: "அண்ணை, உள்ளுக்க இருங்கோ, தண்ணி அடிக்கும்." அடித்தது. இன்னும் வேண்டுமென்றால் நெடுந்தீவு, அதே துறையிலிருந்து ஒரு மணி நேரம். ஆளில்லாமல் திரியும் கட்டாக்காலிக் குதிரைகள் கடலோரம் மேயும். மொத்தக் கடைசித் தூரச் செலவு, ஒரு குடும்பத்துக்கு, மாலே விமான நிலையத்தில் காபியும் சாண்ட்விச்சும் சாப்பிடும் காசு.

குறையையும் சொல்லிவிட வேண்டும். மாலத்தீவு நீலத்தைத் தேடிப் போனால் ஏமாற்றம். காரைநகர் கசூரினா கடற்கரை ஆழமில்லாத, குழந்தைகள் இறங்கக்கூடிய கடல், அழகு, அவ்வளவுதான். சரியான கடற்கரை வேண்டுமானால் திருகோணமலை நிலாவெளிக்கு இறங்க வேண்டும், அது நாலைந்து மணி நேரச் சாலை. விசா விதியை வேறு சில ஆண்டுகளாக மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். டிக்கெட் போடும் அன்றே அரசு இணையதளத்தைப் பார்த்துவிடுங்கள், போன வருடம் போன மச்சான் சொன்னதை நம்பாதீர்கள்.

விமான நிலையம் கட்டினால் ஊர் தானாக வளரும் என்றும் நினைத்துவிட வேண்டாம். அதே இலங்கையின் தெற்கே மத்தளையில் 2013-இல் பெரிய விமான நிலையம் கட்டினார்கள். பயணிகள் வராமல் அதன் சரக்குக் கிடங்கில் நெல் அடுக்கும் நிலை வந்தது. பலாலியில் கட்டடம் சின்னது, போகிறவர்களுக்குப் போக ஒரு காரணம் இருக்கிறது: கோயில், உறவு, கல்யாணம், நிலம்.

மாதம்தான் தீர்ப்பு

எங்கள் பஞ்சாயத்தை முடித்து வைத்தது காலண்டர். பள்ளி, கல்லூரி லீவு மே மாதம். அந்தமானில் மே நடுவில் மழை பிடித்துவிடும், மூன்றாம் நம்பர் கூண்டு ஏறும். மாலத்தீவிலும் மே முதல் தென்மேற்குக் காற்று. விடுதி விலை குறையும், கடல் கலங்கும். இலங்கையின் வடக்கும் கிழக்கும் அந்த நேரம் காய்ந்து கிடக்கும். வெயில் மண்டையைப் பிளக்கும், ஆனால் படகு ஓடும். டிசம்பரில் இது அப்படியே தலைகீழ். யாழ்ப்பாணத்தில் அடைமழை, மற்ற இரண்டிலும் கண்ணாடிக் கடல்.

ஆகவே மே மாதத்துக்குத் திருச்சி–யாழ்ப்பாணம் நாலு டிக்கெட் போட்டாயிற்று. மகனுக்கு ஜனவரியில் ஹேவ்லாக், முன்னும் பின்னும் ஒரு நாள் போர்ட் பிளேர் சேர்த்து. மனைவிக்குக் கொடுத்த வாக்கு: பிப்ரவரி, மாஃபுஷி, காலை விமானம், வெள்ளிக்கிழமை அல்லாத ஒரு நாள். கடல் விமானத்தைத் தரையில் நின்று பார்ப்பதற்குக் காசு கேட்க மாட்டார்கள் என்று சொல்லியிருக்கிறேன். அதற்கு அவள் இன்னும் பதில் சொல்லவில்லை.