வெளுத்த பம்பர், வெடித்த பீடிங்: திருகோணமலை வெயிலில் எது நின்றுபிடிக்கிறது?

உவர்மலையில் என் வீட்டு முற்றம் மேற்குப் பார்த்தது. என் மாருதி 800 பல வருடமாக அங்கே ஒரே இடத்தில்தான் நிற்கிறது. அதன் வலது பக்கத்தில் தினமும் பின்னேர வெயில் அடிக்கும், இடது பக்கம் மதிலின் நிழலில் இருக்கும். வலது பக்கத்துப் பம்பர் மூலை சாம்பல் பூத்துவிட்டது, இடது மூலை இன்னும் ஓரளவு கறுப்பு. ஒரே கார், ஒரே கடற்காற்று, ஒரே உப்பு. ஊரில் கேட்டால் எல்லோரும் “உப்புக்காத்து தின்னுது” என்பார்கள். பிளாஸ்டிக்கைத் தின்பது வெயில்தான் என்று எனக்கு விளங்கவைத்தவை அந்த இரண்டு மூலைகளும்தான்.

பெயின்ட் அடிக்காத கறுப்புப் பம்பர், பக்கவாட்டுப் பட்டி, வைப்பருக்கு அடியில் இருக்கும் தட்டு எல்லாம் பெரும்பாலும் பொலிபுரொப்பிலீன் வகை. புறஊதாக் கதிர் அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை அறுக்கும். மேற்பரப்பு கண்ணுக்குத் தெரியாத அளவில் வெடித்துப் பொடிந்துபோகும். பொடிந்த மேற்பரப்பில் வெளிச்சம் நாலா பக்கமும் சிதறுவதால் அது வெளிறித் தெரிகிறது. தண்ணீர் ஊற்றியதும் கறுத்து, காய்ந்ததும் மறுபடி வெளுப்பது இதனால்தான். திருகோணமலை வடக்கே சுமார் 8.5 பாகையில் இருப்பதால், சித்திரைப் புத்தாண்டை ஒட்டியும் ஓகஸ்ட் கடைசியிலும் சூரியன் நேர் உச்சிக்கு வரும். இடையில் கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மழையும் குறைவு, மேகமும் குறைவு. உப்பு செய்யும் வேலை வேறு. அது பிளாஸ்டிக்கின் சொரசொரப்பில் ஈரத்தையும் மணலையும் பிடித்து வைக்கிறது, பட்டிகளுக்குப் பின்னால் இருக்கும் இரும்புக் கிளிப்புகளைத் துருப்பிடிக்க வைக்கிறது. அதைத் தண்ணீரால் கழுவிவிடலாம். வெயிலைக் கழுவ முடியாது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி வழி திறந்தது. அதனால் நம்மில் பலர் பழைய வாகனத்தைத்தான் கவனமாக வைத்து ஓட்டுகிறோம். இருக்கிற பிளாஸ்டிக்கையும் றப்பரையும் காப்பாற்றுவது அழகுக்காக மட்டும் செய்கிற வேலை இல்லை.

சரி, எதைப் பூசுவது? ஒரு பெப்ரவரியில் பின் பம்பரை மாஸ்கிங் டேப்பால் ஐந்து பங்காகப் பிரித்தேன். ஒவ்வொரு பங்குக்கும் ஒவ்வொரு முறை. மார்கழி மழை வரை பார்த்தேன்.

முதல் பங்குக்குப் பக்கத்து வீட்டு அண்ணன் சொன்ன வைத்தியம். அவர் நிலாவெளிக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு வான் ஓட்டுபவர். “தம்பி, தேங்காய் எண்ணெயில கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுத் தேச்சுப் பாருங்கோ, புதுசு மாதிரி வரும்” என்றார். வந்தது, ஒரு நாளுக்கு. மூன்றாம் நாள் றோட்டுப் புழுதி முழுவதும் அதில் ஒட்டியிருந்தது. ஒருதரம் கழுவியதும் திட்டுத் திட்டாக வெளுத்தது. எண்ணெய் வெடிப்புகளை நிரப்பி ஈரமான தோற்றத்தைத் தருகிறது, அவ்வளவுதான். அதில் புறஊதாவைத் தடுக்க எதுவும் இல்லை. கறுப்புச் சப்பாத்துப் பொலிஷும் இதே கதை, கூடவே உரசுகிற உடுப்பிலும் ஒட்டும். பிரேக் ஒயில் பூசுகிறவர்களையும் கண்டிருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம், ஒரு துளி வழிந்தாலும் காரின் பெயின்டை அரித்துவிடும்.

இரண்டாம் பங்குக்குக் கடையில் சுலபமாகக் கிடைக்கும் பளபளப்புத் திரவம், சிலிக்கன் எண்ணெய் கலந்தது. இதில் ஏமாந்துபோவது சுலபம், ஏனென்றால் பூசிய அன்று ஐந்து பங்கிலும் இதுதான் அழகாக இருந்தது. இரண்டு கிழமையில் மங்கிவிட்டது. இடையில் பெய்த ஒரு மழையில் வழிந்து, கீழே கோடு கோடாக ஊத்தை இறங்கியது. இன்னொரு சிக்கலும் உண்டு. ஸ்பிரேயாக அடிக்கும்போது சிலிக்கன் பக்கத்துப் பெயின்டிலும் படியும். பிறகு அந்த இடத்துக்குப் பெயின்ட் அடித்தால் வட்ட வட்டமாகக் குழி விழும். இதைத்தான் பெயின்ட் வேலைக்காரர்கள் ‘ஃபிஷ் ஐ’ என்பார்கள். நாளைக்கு வெளியில் போக வேண்டும், இன்றைக்குக் கார் பளிச்சென்று இருக்க வேண்டும் என்றால் துணியில் எடுத்துத் தேய்க்கலாம். அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

மூன்றாவது, தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட, புறஊதாத் தடுப்பான் சேர்த்த பாதுகாப்புத் திரவம். 303 என்ற பெயரில் வருவது இந்த வகையில் பலருக்கும் தெரிந்தது. பூசினால் எண்ணெய்ப் பளபளப்பு வராது, தொட்டாலும் கையில் பிசுபிசுக்காது. ஆனால் ஏற்கனவே வெளுத்த இடத்தை இது மீட்கவில்லை, கொஞ்சம் கருமை கூட்டியதோடு சரி. மாதத்துக்கு ஒருமுறையாவது திரும்பப் பூச வேண்டும், அதைச் செய்தவரே 30 முதல் 45 நாளுக்கு ஒருமுறை என்கிறார்கள். இன்னும் வெளுக்காத பிளாஸ்டிக்குக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரியாது. வாகனம் வாங்கிய முதல் வருடத்திலேயே தொடங்கியிருக்க வேண்டிய பழக்கம் இது. நான் தொடங்காததால்தான் இந்தச் சோதனையே தேவைப்பட்டது.

நான்காவது, கறுப்புச் சாயம் சேர்ந்த மீட்புத் திரவம். ஐந்தில் எனக்கு உண்மையான ஆச்சரியம் தந்தது இதுதான். சாம்பல் பூத்த வலது மூலை, இரண்டு பூச்சில் இடது மூலையைவிடக் கறுப்பாகிவிட்டது. சாயம் வெடிப்புகளுக்குள் இறங்கிப் பிடிப்பதால் மழைக்கும் சோப்புக்கும் அசையவில்லை. கையுறை கட்டாயம் போட வேண்டும், விரலில் பட்டால் நாலு நாள் போகாது. பம்பருக்குப் பக்கத்துப் பெயின்டை டேப்பால் மூடாமல் தொடங்கவே கூடாது. ஆனால் நிறத்தைத் திருப்பித் தருவதுதான் சாயத்தின் வேலை, வெயிலைத் தடுக்கும் வேலையை அதை நம்பி விட முடியாது. அதன்மேல் மூன்றாவது வகைத் திரவத்தை மாதாமாதம் பூசினால்தான் அந்தக் கருமை தங்கும்.

ஐந்தாவது, செராமிக் வகைப் பூச்சு. ஈரமான துணித்துண்டாகவோ சின்னப் போத்தலிலோ வரும். மேற்பரப்பில் இறுகி ஒரு மெல்லிய படலமாகிவிடும். மார்கழியில் மற்ற எல்லாப் பங்கிலும் ஏதோ ஒரு மாற்றம் தெரிந்தபோது, இதில் மட்டும் தண்ணீர் இன்னும் முத்து முத்தாக உருண்டது. நீடிப்பில் இதற்குத்தான் முதலிடம். ஆனால் பிழை விட்டால் மன்னிக்காது. நான் ஒரு ஓரத்தில் பழைய மெழுகைச் சரியாக எடுக்காமல் பூசிவிட்டேன், அந்த இடம் மேகம் படிந்தது போல அப்படியே இறுகி நிற்கிறது. மிக மோசமாகப் பொடிந்த பிளாஸ்டிக்கில், சாயம் தந்த அளவுக்குக் கருமையையும் இது தரவில்லை.

ஆகவே என் தீர்ப்பு பிளாஸ்டிக்கின் நிலையைப் பொறுத்தது. கறுப்புத் துணியால் உலர்ந்த பம்பரை அழுத்தித் தேயுங்கள். துணியில் சாம்பல் நிறப் பொடி ஒட்டினால் மேற்பரப்பு செத்துவிட்டது, சாயம்தான் வழி. பொடி ஒட்டாமல் வெறுமனே மங்கியிருந்தால் செராமிக் பூச்சு. மங்கவே தொடங்கவில்லை என்றால் மாதாந்தத் திரவம் போதும், பெரிய செலவு தேவையில்லை.

எதைத் தெரிவு செய்தாலும், பூசுவதற்கு முந்தின வேலைதான் பாதி வெற்றி. சோப்புத் தண்ணீரும் பழைய பல் பிரஷும் கொண்டு சொரசொரப்புக்குள் இருக்கும் ஊத்தையை எடுக்க வேண்டும். வெள்ளையாகப் படிந்த மெழுகுக் கறையை, பிள்ளைகள் பாவிக்கும் பென்சில் அழிறப்பரால் தேய்த்தால் வந்துவிடும். கடைசியில் ஐசோபுரொப்பைல் அல்கஹோலால் துடைத்து, நன்றாகக் காயவிட வேண்டும். நம் ஊரின் ஈரக் காற்றில் மேலே காய்ந்தது போல் தெரிந்தாலும், பட்டிகளின் இடுக்குக்குள் தண்ணீர் நிற்கும். நான் முதல் நாள் கழுவி, மறுநாள் விடியற்காலை பூசுகிறேன். அந்நேரம் பிளாஸ்டிக் குளிர்ந்திருக்கும், காற்றும் ஓய்ந்திருக்கும். மத்தியானம் பூசினால் தொட்ட இடத்திலேயே காய்ந்து கோடு விழும்.

சூட்டுக் காற்றை ஊதும் ஹீட் கன் பற்றியும் சொல்ல வேண்டும், காணொளிகளில் அது மந்திரம் போலத் தெரியும். பொடிந்த மேற்பரப்பைச் சூட்டில் உருக்கி மறுபடி ஒட்டவைக்கிறது, உடனே கறுக்கும். ஆனால் பொலிபுரொப்பிலீன் சுமார் 160 பாகை செல்சியசில் உருகிவிடும், அந்தக் கருவியோ 500 பாகையையும் தாண்டிப் போகும். கை ஒரு நொடி நின்றால் சொரசொரப்பு வழுக்கையாகும், ஓரம் வளையும். என் சொந்தக்காரர் ஒருவரின் பக்கக் கண்ணாடிக் கூடு ஒரு கராஜில் இப்படித்தான் கோணிப்போனது. அதைவிட, போன பாதுகாப்பை இது திருப்பித் தருவதில்லை. சில மாதத்தில் மறுபடி வெளுக்கும், மறுபடி சூடாக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் பிளாஸ்டிக் இன்னும் நொறுங்கும் தன்மை அடையும். நான் செய்யமாட்டேன். பம்பரில் உண்மையிலேயே கீறலும் வெடிப்பும் இருந்தால், பிளாஸ்டிக் பிரைமர் போட்டுப் பம்பர் பெயின்ட் அடிப்பது நேர்மையான வழி.

இனி றப்பர். ஒரே போத்தலால் பிளாஸ்டிக்கையும் றப்பரையும் தேய்ப்பதுதான் நம் ஊரில் நான் அதிகம் காணும் பிழை. இப்போதைய கதவுப் பீடிங், அதாவது கதவு ஓரத்து றப்பர் பட்டி, பெரும்பாலும் ஈ.பி.டி.எம். என்ற செயற்கை றப்பர். அது வெயிலையும் ஓசோனையும் நன்றாகத் தாங்கும். தாங்காதது பெற்றோலிய எண்ணெயை. கிறீஸ், டீசல், மண்ணெண்ணெய் எது பட்டாலும் உறிஞ்சி ஊதிப் பருத்து, இறுக்கம் போய்விடும். பிறகு ஐப்பசி கார்த்திகை மழைக்குக் கதவுக்குள் தண்ணீர் வருகிறதே என்று தேட வேண்டியதுதான். டபிள்யூடி-40 என்ற எண்ணெய் ஸ்பிரேயை அடிப்பவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன்.

கதவுப் பீடிங்குக்கு சிலிக்கன் கிறீஸ், அல்லது மேலே சொன்ன மூன்றாவது வகைத் திரவம். இரண்டில் கிறீஸ் நீண்ட நாள் நிற்கும், மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை விரல்நுனி அளவு எடுத்து மெல்லிதாகத் தடவினால் போதும். பம்பரில் கூடாது என்று நான் ஒதுக்கிய சிலிக்கன் இங்கே சரியான மருந்து, ஏனென்றால் கதவை மூடினால் அது வெயிலிலும் படாது, மழையிலும் வழியாது. கண்ணாடி ஏறி இறங்கும் தடத்துக்கு மட்டும் பிசுபிசுப்பில்லாத, காய்ந்து நிற்கும் சிலிக்கன் ஸ்பிரே. டச்சு பே கடற்கரையில் ஒரு பின்னேரம் நிறுத்தினாலே அந்தத் தடத்தில் மணல் சேரும். எண்ணெய் பூசியிருந்தால் அந்த மணல் ஒட்டி நின்று, கண்ணாடியை ஒவ்வொரு தடவையும் கீறும்.

வைப்பர் றப்பருக்கு எதையும் பூசாதீர்கள், ஈரத்துணியால் துடைத்தால் போதும், வெடித்தால் மாற்றுங்கள். ரயர் பழுப்பாவது கெட்டுப்போனதன் அறிகுறி அல்ல. ஓசோனில் வெடிக்காமல் காக்கச் சேர்த்த பொருள் வெளியே வந்து நிறம் மாறுவது அது, தேய்த்துக் கழுவிவிடலாம். கதவின் வெளிப்பக்கம், கண்ணாடியின் அடி ஓரமாக ஓடும் பட்டிதான் முதலில் வெடிக்கும். வெடித்த றப்பரை எந்தத் திரவமும் ஒட்டவைக்காது. அதற்குப் பணம் செலவழிப்பதென்றால் புதுப் பட்டிக்கே செலவழியுங்கள்.

பக்கத்து வீட்டு அண்ணனின் வானுக்குப் போன மாசியில் இருவருமாகச் சாயம் பூசினோம். இப்போது நிலாவெளியில் இருந்து வந்ததும் முதலில் குழாய்த் தண்ணீரால் கதவு ஓரங்களை அலசிவிட்டுத்தான் அவர் வீட்டுக்குள் போகிறார். தேங்காய் எண்ணெய்ப் போத்தல் குசினிக்குத் திரும்பிவிட்டது.